கேஸில் மட்டும் வரும் நடுக்கம்

பெட்ரோலில் ஓடும்போது வண்டி ஒழுங்காக இருக்கிறது. சுவிட்சைத் தட்டி கேஸுக்கு மாற்றினால் ஐடிலிங்கில் உதறுகிறது, பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது. கோளாறு எதில்? யாரைக் கேட்டாலும் "கேஸ் கிட்லதான்" என்பார்கள். இந்தப் பதிலில் ஒரு பழைய தத்துவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கூடவே ஒரு நியாயப் பிரச்சினையும்.

மீஞ்சூரிலிருந்து காட்டூர், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போகிற சாலையில் நின்றால் இன்னமும் பழைய ஆம்னிகளைப் பார்க்கலாம். 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், என்ஜின் முன்சீட்டுக்கு அடியில். மூன்றில் ஒன்று மிஸ் அடித்தாலே பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. உட்கார்ந்திருக்கிறவருக்கு அது இடுப்பிலேயே தெரியும். மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றிப் பிழைக்கிற ஒருவரிடம் இப்படி ஒரு வண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேஸ் கிட்டைக் கழற்றிப் போடச் சொன்னால், நாளைக்கு அவர் பெட்ரோல் விலையில் ஓட்ட வேண்டும். ஆகவே "எது காரணம்?" என்பது அவருக்கு வெறும் தர்க்கக் கேள்வி இல்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுதிய தர்க்க நூலில் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில வழிகளைச் சொல்கிறார். அதில் ஒன்று வேற்றுமை முறை. இரண்டு நிலைமைகள், ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்று. ஒன்றில் விளைவு இருக்கிறது, மற்றதில் இல்லை. அப்படியானால் அந்த ஒரு வித்தியாசம்தான் காரணம், அல்லது காரணத்தின் இன்றியமையாத பகுதி. நியாய மரபிலும் அன்வயம், வியதிரேகம் என்று இதற்கு நெருக்கமான ஜோடி உண்டு. இரட்டை எரிபொருள் வண்டியின் டேஷ்போர்டில் இருக்கிற சுவிட்ச் இந்தத் தத்துவத்தின் பிளாஸ்டிக் வடிவம். எரிபொருளை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, பார்.

ஆனால் மில் சொன்னதில் "பகுதி" என்ற சொல்லை நாம் விட்டுவிடுகிறோம். கேஸ் கலவையைப் பற்றவைக்க பெட்ரோல் கலவையைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், பிளக் வயரில் கசிவு இருக்கலாம், காயில் பலமிழந்திருக்கலாம். ஏரிக்காற்றில் உப்பு இருக்கும் ஊரில், என்ஜினின் எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். இந்தக் குறைகளையெல்லாம் பெட்ரோல் சகித்துக்கொள்கிறது. கேஸ் சகிக்காது. அதாவது கோளாறு இரண்டு எரிபொருளுக்கும் பொதுவானது. கேஸ் அதை வெளியே சொல்கிறது, அவ்வளவுதான். சொன்னவன் மேல் பழி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது. பழம் முழுக்கப் பழுத்திருந்தது, காக்கை அதைக் காட்டிக் கொடுத்தது.

இன்னொரு வகை இதைவிடத் தந்திரமானது. பழைய கார்புரேட்டர் வண்டியில் கேஸுக்கு மாற்றும்போது பெட்ரோலை ஒரு சோலனாய்டு வால்வு நிறுத்த வேண்டும். அந்த வால்வு சரியாக மூடாமல் கசிந்தால், கேஸில் ஓடும்போது பெட்ரோலும் உள்ளே போகிறது. கலவை கொழுத்து வண்டி குலுங்குகிறது. கேஸில் மட்டும் வரும் நடுக்கம். குற்றவாளி பெட்ரோல் வால்வு! ஒன்றை மட்டும் மாற்றினோம் என்று நாம் நம்பினோம், சுவிட்ச் மாற்றவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு கேஸில் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். (நடுவில் கேஸ் வாசனை வந்தால் தர்க்கமெல்லாம் அப்புறம். முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள்.)

கிட்டே தவறு செய்வதும் உண்டு. ரெடியூசருக்குள் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், டயாஃப்ரம் விறைக்கும். நான் கேஸுக்கு வக்கீல் இல்லை. ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்த பாகம். வீட்டுக்குப் புதுசாக வந்த மருமகளைப் போல, எது கெட்டாலும் முதல் சந்தேகம் அதன் மேல்தான். சந்தேகத்தை அங்கே தொடங்குவதில் தப்பில்லை, அங்கேயே முடிப்பதில்தான் தப்பு.

இதில் மெக்கானிக்கைத் திட்டுவதும் சுலபம். பிளக், வயர், ஃபில்டர் மூன்றையும் மாற்றி, "இப்ப சரியாயிடுச்சுண்ணே, பாருங்க" என்கிறார். எது சரியாக்கியது என்று அவருக்கும் தெரியாது. என் தொழிலிலும் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. ஆனால் மெக்கானிக்கின் பில்லில் யோசித்த நேரத்துக்கு என்று ஒரு வரி இருக்கிறதா? பாகத்துக்குக் காசு கொடுப்போம். "ரெண்டு மணி நேரம் பார்த்தேன், ஒண்ணும் மாத்தலை, எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினேன்" என்றால் ஐம்பது ரூபாயை நீட்டுவோம். காரணத்தைத் தேடுவதற்குக் கூலி தராத ஊரில் பாகங்கள்தான் விற்கும். அவருடைய நேர்மையைச் சோதிப்பதற்கு முன்னால் நம் பர்ஸைச் சோதிக்கலாம்.

பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. வலை போடும் இடங்களை மீனவர்கள் முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. பங்கீட்டின் நியாயத்துக்காக வந்த முறை என்றே இதைச் சொல்வோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒரே இடத்துக்கு எல்லாக் கைகளும் மாறி மாறி வரும்போது, அங்கே யார் போட்டாலும் இறால் குறைவு என்றால் அது இடத்தின் குறை. ஒருவர் எங்கே போனாலும் குறைவு என்றால் வலையைப் பார்க்க வேண்டும். பாடும் ஒரு சுவிட்ச்தான். பழியைச் சரியான இடத்தில் வைக்க உதவும் சுவிட்ச்.

அந்த வசதி இல்லாத இடங்களும் இங்கேயே இருக்கின்றன. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரைச் சென்னையும் தொழிற்சாலைகளும் வயல்களும் பல பத்தாண்டுகள் உறிஞ்சின. கடல்நீர் மண்ணுக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. கிணறு கரித்தது. விவசாயி நகரத்தைச் சொன்னார், நகரம் மழையைச் சொன்னது. எல்லோர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆம்னியின் பெட்ரோல் மாதிரி ஒவ்வொருவரும், "நான் ஓடும்போது எந்தப் பிரச்சினையும் இல்லையே" என்றார்கள். ஒரு மோட்டாரை ஒரு வாரம் நிறுத்தினால் கிணற்றுக்கு எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் நிறுத்தினாலும் உள்ளே வந்த உப்பு அடுத்த மாதமே திரும்பிப் போகாது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு மீஞ்சூர் ஆலை என்றுதான் பெயர். தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போனது.