ஒரு மில்லிசீவர்ட்

போன வருடம் எங்கள் சர்ச் இளைஞர் குழுவோடு குவாந்தான் போனேன். ‘நீதிப் பயணம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கெரோப்போக் லேக்கோர் எங்கே நல்லா இருக்கும் என்றுதான் பேசிக்கொண்டு வந்தார்கள். நானும்தான்.

கெபெங்கில் உள்ள லைனாஸ் அரிய மண் ஆலையை எதிர்த்தவர்களைச் சந்திக்கத்தான் போனோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்துத் தாது அங்கே வருகிறது. பிரித்தெடுத்தபின் தோரியம் கலந்த கழிவு இங்கேயே மிஞ்சுகிறது. 2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்தார்கள். நான் அப்போது இடைநிலைப்பள்ளி. அது என் காதில்கூட விழவில்லை.

எங்களோடு பேசிய சீன ஆன்ட்டி அந்த நடையில் போனவர். மலாயில் பேசினார். நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த திமிர், கையைத் தூக்கிவிட்டேன். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இயற்கையாகவே நாம் வாங்கும் கதிர்வீச்சின் உலக சராசரி 2.4. அப்படியென்றால் ஆபத்து சின்னதுதானே, ஆன்ட்டி?

“சின்னதுன்னே வச்சுக்குவோம் தம்பி. யாருகிட்ட கேட்டாங்க?”

பிறகு பேராக்கின் புக்கிட் மேராவைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்த அரிய மண் ஆலைமீது மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. “அங்கேயும் பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க.”

என் கணக்கு தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டது கணக்கை இல்லை. எவ்வளவு என்பதற்கு எண் இருக்கிறது. யார் சம்மதித்தார்கள் என்பதற்கு என் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஒரு பாலத்துக்குப் பாதுகாப்புக் காரணி போடும்போது அதன்மேல் நடக்கப்போகிறவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அது எனக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது. சரி, எல்லாரையும் கேட்க முடியுமா? ஒவ்வொரு ஊரும் வேண்டாம் என்றால், கழிவு கடைசியில் குரல் இல்லாத ஊருக்குத்தான் போகும். ஆலையில் வேலை செய்யும் குவாந்தான் பிள்ளைகளை ஆன்ட்டியும் கேட்டிருக்க மாட்டார். இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் குடியிருப்பது அவர். நான் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஷா ஆலாமில் சர்வோ மோட்டார்களோடு வேலை செய்கிறேன். அவற்றுக்குள் இருப்பது நியோடிமியம் காந்தம். கெபெங் ஆலை பிரித்தெடுப்பதில் நியோடிமியமும் ஒன்று. எங்கள் காந்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. விலை மட்டும் கேட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வேலை என்று விசாரித்தார்.

“மோட்டார், ஆன்ட்டி” என்றேன். காந்தம் என்று சொல்லவில்லை.