மனவழுத்தமும் ஆசிரியர் கடமையும்

சைவாசிரியர்காள்!

பெறுதற்கரிய இம்மானுட தேகம் நமக்குத் தரப்பட்டது, இறைவனை வழிபட்டு உய்தற்பொருட்டேயாம். அது நோயுற்றால் வழிபாடுந் தளரும், தொழிலுந் தளரும். ஆதலால் அதனைப் பேணுதல் புண்ணியமேயன்றிச் சுயநலமன்று. உணவினாலும் காலநிலையினாலும் வரும் நோய்களை யாவரும் அறிவர். மனத்தினின்றும் புறப்பட்டுத் தேகத்தை அரிக்கும் நோயையோ பலர் அறிகிலர். மனவழுத்தமென்று வழங்கப்படும் அதனை ஈண்டு ஆராய்வாம்.

மனவழுத்தமாவது யாது? தன்மேல் வந்த பாரம் தன் ஆற்றலினும் மிக்கதென்று மனங் கருதியவிடத்து உண்டாகுங் கலக்கமாம். இருளிலே வழிச்செல்வோன் ஒருவன் பாம்பைக் கண்டானாயின், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரீனலின் என்பதை இரத்தத்திற் கலக்கும். இருதயம் விரைந்தடிக்கும், மூச்சு மிகும், ஈரல் தான் சேமித்த சர்க்கரையை வெளிவிடும், குடலிற் செல்லும் இரத்தங் குறைந்து கைகால்களிற் பெருகும். இவையெல்லாம் எதிர்த்தற்கேனும் ஓடுதற்கேனும் உதவியாம். அமெரிக்க அறிஞராகிய வோல்ட்டர் கனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதனை விளக்கினார். பாம்பு போயின் கலக்கமும் போம். ஆதலின் இது தன்னளவிலே தீதன்று. இறைவன் உயிர்க்கு வைத்த காவலேயாம்.

தீது எப்பொழுது விளையுமெனின், பாம்பு போகாதபொழுதென்க. புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு, முடியாத பாடத்திட்டம், பெற்றோர் கூறுங் குறை, மாதமுடிவிற் கடன் என்னும் இவை, பள்ளிக்கூட மணி அடித்தபின்னும் ஆசிரியரோடு வீட்டுக்குச் செல்லும். இரவிற் பாயிலும் உடன் படுக்கும். கனடா தேசத்து மொன்றியல் நகரிலே ஹன்ஸ் செலியே என்பவர் எலிகளைக்கொண்டு ஆராய்ந்து, 1936ஆம் ஆண்டு இதன் மூன்று நிலைகளைக் கூறினார். முதலிலே உடல் திடுக்கிடும்; பின்பு எதிர்த்து நிற்கும்; பாரம் நீங்காதாயின் இறுதியில் ஓய்ந்து விழும். அங்ஙனம் நெடுநாள் நிற்குங் கலக்கத்தினாலே நித்திரை கெடும், இரத்த அமுக்கம் உயரும், சமிபாடு குன்றும், நோயெதிர்க்கும் வலி குறையும், இருதயமுந் தாக்குறும்.

இத்தீது ஆசிரியரோடு நில்லாது. கலங்கிய ஆசிரியர் கடுஞ்சொற் கூறுவர். அதுகேட்ட பிள்ளைக்கு அவரே பாம்பாவர். அச்சத்தில் மிகுஞ் சுரப்புக்கள் கற்றதை நினைவிற் கொணருந் திறத்தைத் தடுக்குமென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். படித்ததை மறந்தாயென்று அப்பிள்ளையை அடிப்பது, விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருளை வைதல் போலுமன்றோ! தம் மனத்தை அமைத்துக்கொள்ளுதல் ஆசிரியருக்குப் பாடஞ் சொல்லுதலோடொத்த கடமையென்பது இதனாற் பெறப்படும்.

அதனைத் தணிக்கும் உபாயங்கள் எவையெனின், முதலாவது மூச்சை மெல்ல உள்வாங்கி, அதனினும் நெடிதாக வெளிவிடுதலாம். இதனால் இருதயத்தின் விரைவு தணியும். வகுப்பறை வாயிலில் நின்று ஆறு முறை செய்தாலும் பயனுண்டு. இரண்டாவது செபம். ஒரு சொல்லை அமைதியாகப் பலகால் உச்சரிப்போருக்கு மூச்சும் இருதயத் துடிப்புந் தணிதலை, ஹேர்பேட் பென்சன் என்னும் வைத்தியர் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். நாமோ திருவைந்தெழுத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு அதனை மறந்திருக்கின்றோம்! செபத்தின் மெய்ப்பயன் திருவருளேயாம், தேகசுகம் உடன்வருவது. மூன்றாவது நடை. வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நன்று. கோயிலுக்கு நடந்து செல்வோர்க்கு இரண்டும் ஒருங்கே எய்தும். நான்காவது இரவிலே ஏழு மணிநேரத்துக்குக் குறையாத நித்திரை. அதன்பொருட்டு மாலைக்குப்பின் தேநீரையும் கைத்தொலைபேசியையும் விலக்குக. ஐந்தாவது, துன்பத்தை உடனாசிரியரிடத்தாயினும் உறவினரிடத்தாயினும் சொல்லுதல். இவற்றாலுந் தீராதாயின் வைத்தியரை நாடுக. அது நாணத்தக்கதன்று, பத்திக் குறைவுமன்று.

திருநாவுக்கரசு நாயனாரைச் சமணர் நீற்றறையில் இட்டு அடைத்தனர். அவர் அதன் வெம்மையை நினைந்திலர். இறைவன் திருவடி நீழலையே நினைந்திருந்தார். ஏழு நாட் கழித்துத் திறந்தோர் அவரை ஊனமின்றிக் கண்டனரென்று பெரியபுராணங் கூறும். நம்முடைய நீற்றறைகள் சிறியன. அவற்றினுள்ளே நாம் வேகுதற்குக் காரணம் யாதெனின், எல்லாம் நம்மாலே நடக்கின்றனவென்னுஞ் செருக்கும், நடவாதொழியுமோவென்னும் அச்சமுமேயாம். செய்யத்தக்கதைக் குறைவறச் செய்தல் நம் கடன்; பயனைத் தருதல் அவன் கடன். இதனை உணர்ந்தோர் வேலையை விடார். பாரத்தை மாத்திரம் அவன் திருவடியில் இறக்கிவைப்பர்.

ஆதலால், ஆசிரியர்காள்! நாளைக் காலையில் வகுப்பினுட் புகுமுன் ஒரு கணம் நின்று, மூச்சை அமைத்து, திருவைந்தெழுத்தைச் சிந்தித்துப் புகுவீராக. உங்கள் முகத்திலே அமைதியைக் காணும் பிள்ளைகள் அச்சமின்றிக் கற்பார்கள். சிவபெருமான் உங்களுக்குத் தேகசுகமும் மனவமைதியுந் தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.