எடை குறைந்தால் வேகத்தையும் குறையுங்கள்

கத்திரி வெயிலில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். அந்த நாட்களில் பகல் பதினொரு மணிக்குக் கனகம்மாசத்திரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பாறைக்குன்றின் மேலே பருந்து ஒன்று சிறகை அடிக்காமலே வட்டமிட்டு ஏறிக்கொண்டிருக்கும். சுட்ட பாறையிலிருந்து கிளம்பும் காற்றுதான் அதைத் தூக்குகிறது. பக்கத்து ஏரியின் மேல் அந்தத் தூக்கல் இருக்காது. இரண்டையும் மாறி மாறிக் கடக்கும் சின்ன விமானம் என்ன பாடுபடும்! விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172எஸ் விமானம் முழு பாரத்தோடு 1,157 கிலோ. இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமப்பது சுமார் 71 கிலோ. நம் நாட்டு ஹன்சா-3க்கு அது 60 கிலோதான். பெரிய பயணிகள் விமானமான ஏ320க்கோ 600க்கும் மேல். அதன் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதால் அடி இன்னும் மட்டுப்படும். ஏ320ஐ லேசாக உலுக்கும் காற்று உங்களைத் தூக்கிப் போடும்.

பாரம் கூடினால் ஆட்டம் குறையும் என்பது உண்மைதான். அதை நம்பி அளவுக்கு மீறி ஏற்றிவிடாதீர்கள். வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும். ஓடுபாதை போதாது, ஏறவும் திணறும்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. செஸ்னாவின் கையேட்டில் மானுவரிங் ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். 1,157 கிலோவுக்கு 105 நாட், 998 கிலோவுக்கு 98, 862 கிலோவுக்கு 90. எடை குறையக் குறைய வேகமும் குறைய வேண்டும். அந்த வேகத்துக்குள் இருந்தால், காற்று ஓங்கி அடிக்கும்போது இறக்கை தான் தாங்கும் எல்லையைத் தொடுமுன்பே ஸ்டால் ஆகி, அதாவது தூக்கலை இழந்து, சுமையை விட்டுவிடும். லேசான விமானத்தில் முழு பாரத்துக்கான அதே வேகத்தில் போனால் ஸ்டால் ஆவதற்குள் கூடுதல் மடங்கு விசை ஏறிவிடும். ஆள் இறங்கியதால் இன்ஜினின் எடை குறையவில்லையே! அதைப் பிடித்திருக்கும் மவுண்ட் அத்தனையையும் தாங்கியாக வேண்டும். ஆகவே கூட வந்தவர் இறங்கியதும், பெட்ரோல் குறைந்ததும், கணக்கை மறுபடி போடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு அல்ல, மலை கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறையுங்கள். உயரத்தைத் துரத்தாதீர்கள், மூக்கை மட்டமாக வைத்திருந்தால் போதும்.

காற்றின் அடி விமானத்தையே உடைத்ததும் உண்டு. 1932 அக்டோபரில் விமானி நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வான்தபால் கொண்டுவந்தது டி ஹாவிலண்ட் புஸ் மாத் விமானத்தில். பெல்லாரிக்கும் சென்னைக்கும் நேர்கோடு இழுத்தால் அது திருத்தணிக்கு அருகிலுள்ள நம் நகரி மலைப் பக்கமாகத்தான் வரும். அந்த ரக விமானங்கள் சில வானிலேயே உடைந்திருக்கின்றன. 1931 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில், கொந்தளிக்கும் காற்றில் உடைந்த புஸ் மாத்தில் விமானி கிளென் கிட்ஸ்டன் இறந்தார். பிறகுதான் இறக்கையைத் தாங்கும் கம்பிக்கு மேலும் ஒரு தாங்கல் வைத்தார்கள்.

கற்றுக்கொடுப்பவர்களே, கத்திரியில் புதியவர்களின் வகுப்பைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். எல்லோரையும் தராசில் ஏற்றி எடையை எழுதுங்கள்; வாய்க்கணக்கு வேண்டாம். “இப்போது வேண்டாம் சார்” என்று ஒரு மாணவி நண்பகலில் சொன்னால் அவளைக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலைப் பட்டியலில் அவள் பெயரை முதலில் போடுங்கள்.