ஒளியிழையும் பொருள்வரைதலும்

சென்ற தீபாவளியன்று, பகவான் மகாவீரர் முத்தி எய்திய நன்னாளின் பூசனை முடிந்து அமர்ந்திருந்த வேளையில், பெங்களூரில் பணியாற்றும் என் பெயரன் ஒரு வினாவை எழுப்பினான். ஓய்வுபெற்றபோது எனக்குக் கிடைத்த தொகையில் ஒரு பகுதி இன்னும் அஞ்சலகச் சேமிப்பில் இருக்கிறது. அதனை எடுத்து, அதிவேக இணையத்துக்கான கண்ணாடி இழை செய்யும் நிறுவனங்களின் பங்குகளில் இடலாமே என்றான். "பாட்டி, சாராயத் தொழில் கூடாது என்பீர்கள், தோல் தொழில் கூடாது என்பீர்கள். இது வெறும் கண்ணாடி. அதனுள் ஓடுவது வெறும் வெளிச்சம். இதில் என்ன பாவம் வந்துவிடப் போகிறது?" முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவள் நான். அன்று எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. அந்த விடையைத்தான் இப்போது எழுத முயல்கிறேன்.

முதலில், பொருள் நல்லதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் செலுத்தும் ஒளி சிறிது தொலைவிலேயே மங்கிவிடுவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதில் கலந்துள்ள மாசே என்று 1966-இல் சார்லஸ் காவோ என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். மாசு நீங்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்பது அவர் துணிபு. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையைச் செய்து காட்டிற்று. 2009-இல் காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. (மாசு நீங்க ஒளி பெருகும் என்பது நம் வாசகர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். அதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.) 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9.6 கிலோபிட் வந்தது. இன்று ஓர் எளிய வீட்டில் கண்ணாடி இழை வழியே வரும் 100 மெகாபிட் அதனைப்போல் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு.

இந்த வேகம் வெறும் ஆடம்பரம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அவ்வெண்ணம் மாறியது. எங்கள் காரிமங்கலத்தில் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மொட்டை மாடியின் மூலைக்கு மூலை நடப்பாள். அலை கிடைக்கும் இடத்தில் பாடம் கேட்கும், நகர்ந்தால் நின்றுவிடும். வெயிலில் நின்று அவள் கேட்ட கணக்குப் பாடத்தில் பாதியை நான்தான் மாலையில் மறுபடி சொல்லிக் கொடுத்தேன். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதற்கு அரசு ஒரு தனி நிறுவனமே அமைத்திருப்பதன் பொருளை அந்த மொட்டை மாடி எனக்கு விளக்கியது. கல்வி, மருந்து, அபயம், உணவு என்னும் நால்வகைத் தானங்களில் முதலிரண்டுக்கும் இந்த இழை துணையாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனித் தீங்கினைப் பார்ப்போம். இழையைப் புதைக்கத் தரையைத் தோண்டும்போது சிற்றுயிர்கள் மடியும். அது தொழில்வழி நேரும் தீங்கு. இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாதது. வேளாண்மைக்கும் அது உண்டு. பெரிய தீங்கு இழைக்குள் வருவதில் இருக்கிறது. பயனில் தண்டத்தின் ஐந்து வகைகளுள் தீயன கேட்டலையும் கொலைக் கருவி கொடுத்தலையும் நம் ஆசாரியர்கள் வைத்துள்ளனர். இணையச் சூதாட்டத்தில் பொருளிழந்தோர் உயிரையும் மாய்த்துக்கொண்டதைக் கண்டு, நம் சட்டமன்றம் 2022-இல் அதற்குத் தடைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சூதும் இதே இழையில்தான் வருகிறது. எனினும் சாலை அமைத்தவனைக் கள்வனின் கூட்டாளி என்று யாரும் சொல்வதில்லை. இழை கருவியன்று, வழி. இவ்வளவில் என் பெயரன் வென்றுவிட்டான் என்றே எண்ணினேன்.

ஆனால் வினை மூவகையால் வரும் என்பது நம் கொள்கை: தானே செய்தல், பிறரால் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். பங்கு வாங்குவோன் இவற்றுள் எதில் நிற்கிறான்? இதனைக் கேட்டபோது பெயரன் சிரித்தான். "பாட்டி, நான் சந்தையில் வாங்கும் பங்குக்குரிய பணம் அந்த நிறுவனத்துக்குப் போவதே இல்லை. முன்பு வைத்திருந்தவர் விற்கிறார், நான் வாங்குகிறேன். நிறுவனத்துக்கு ஒரு காசும் சேராது. எனவே அவர்கள் ஏதேனும் தீமை செய்தாலும் அது என் பணத்தால் நடந்தது ஆகாது."

சரியான பேச்சுத்தான். ஆனால் அந்தக் கத்திக்கு இரு முனையும் கூர். என் பணத்தால் தீமை நடக்கவில்லை என்றால், நன்மையும் என் பணத்தால் நடக்கவில்லை. மொட்டை மாடியில் நின்ற சிறுமிக்கு நான் இழை போட்டுக் கொடுத்தேன் என்று மகிழ எனக்கு உரிமை கிடையாது. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிடும்போது கொடுத்தால்தான் பணம் தொழிலுக்குச் செல்லும். மற்றபடி கல்வித் தொண்டு என்னும் போர்வையை எடுத்துவிட்டால் எஞ்சுவது, என்னிடம் உள்ளதைவிட மிகுதியாக வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே. ஆகவே இது கொல்லாமையைவிடப் பொருள்வரைதல் என்னும் அணுவிரதத்தைச் சார்ந்த கேள்வி என்று தெளிந்தேன்.

அவ்விரதத்துக்குக் குற்றமாகச் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டகத்தில் கூறும் ஐந்தில், பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தலும் ஒன்று. பள்ளியில் இதனைப் படித்த நாளில் வியப்பு எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. 2000, 2001-ஆம் ஆண்டுகள் விளக்கின. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் ஹிமாச்சல் பியூச்சரிஸ்டிக் நிறுவனத்தின் பங்கு அப்போது ஆயிரங்களில் விலைபோயிற்று. தரகர் கேதன் பரேக் விலையை ஏற்றிவிட்ட பங்குகளில் அதுவும் ஒன்று. 2001 மார்ச்சில் சந்தை சரிந்தது. அவருக்குப் பணம் கொடுத்திருந்த அகமதாபாத் மாதவபுரா கூட்டுறவு வங்கி வீழ்ந்து, அதில் பணம் போட்டிருந்த மக்கள் அல்லலுற்றனர். அவ்வாண்டு ஜூலையில் யூனிட் டிரஸ்ட் தன் 64-ஆம் திட்டத்தின் அலகுகளைத் திரும்பப் பெறுவதை நிறுத்திவைத்தது. பங்கு என்றால் என்னவென்றே அறியாமல், அரசு சார்ந்தது என்று நம்பி அதில் பணம் வைத்த ஓய்வூதியர் எத்தனை பேர்! அயல்நாட்டிலும் இதே கதை. மாசற்ற இழையை முதலில் செய்த கார்னிங்கின் பங்கே 2000-இல் நூறு டாலரைத் தாண்டிப் பின்பு 2002-இல் இரண்டு டாலருக்கும் கீழே இறங்கியது. இழையில் பழுதில்லை, அந்நிறுவனம் இன்றும் அதனைச் செய்து வருகிறது. கடலடியில் பெரும்பொருள் செலவில் டைக்கோ நிறுவனம் இட்ட இழைத்தடங்களை 2005-இல் நம் நாட்டு வி.எஸ்.என்.எல். 13 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. முதலிட்டவர் இழந்தனர், இழை மட்டும் கிடந்து உலகுக்குப் பயன்பட்டது.

வட்டிக் கணக்கு கற்பித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுவனம் உழைத்து ஈட்டிய இலாபத்தில் பங்கு பெறுவது ஒரு வகை. விலை ஏறியதும் விற்று விலகுவது வேறு வகை. பொருளின் மதிப்புக்கு மேல் விலை ஏறிய நாளில் நான் விற்றால், வாங்கிக்கொள்பவர் என்னைப்போன்ற இன்னோர் ஆசிரியராக இருக்கலாம். நாளை அவர் இழப்பதுதான் இன்று நான் பெற்றது. அவர் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை என்பதனால் அது குறைந்துவிடுமா? இந்தக் கேள்விக்குப் பெயரனிடம் விடை இல்லை. உண்மையில் என்னிடமும் முழு விடை இல்லை. நிலம் விற்பவனுக்கும் இதுதானே என்று அவன் கேட்டான்.

முடிவில் நான் செய்தது இது. என் மருந்துக்கும் உணவுக்கும் இறுதிக் கடன்களுக்கும் வேண்டியதைக் கணக்கிட்டு, அதனை அஞ்சலகத்திலேயே விட்டேன். மீதியில் பத்தில் ஒரு பங்கை, இழைத் தொழில் நிறுவனம் ஏதேனும் புதிதாகப் பங்கு வெளியிடும்போது இடச் சொல்லியிருக்கிறேன். இட்ட பின் விலையைப் பார்த்து எனக்குச் சொல்லக்கூடாது. அது இட்டதைப்போல் இரு மடங்குக்கு மேல் வளர்ந்தால், மேற்பட்டது முழுவதும் பள்ளி நூலகத்துக்கு. வரம்பைப் பணம் வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதனால் பழைய வரவுசெலவுக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதினேன். "இப்படி எழுதி வைத்தால் யாரும் பணக்காரர் ஆக முடியாது பாட்டி" என்று சொல்லிக்கொண்டே அவன் சாட்சிக் கையெழுத்து இட்டான்.