விடுகிற கை

ஜியு-ஜிட்சு பழக வருகிறவருக்கு முதல் நாள் சொல்லித்தருவது தட்டுவதை. கழுத்தோ முழங்கையோ தோள்மூட்டோ எதிராளியின் பிடிக்குள் சிக்கி, இதற்குமேல் தாங்காது என்று பட்டால், அவர் உடம்பில் எங்காவது இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டும். கை எட்டாவிட்டால் பாயில் தட்டலாம். இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம். அதுவும் முடியாதபோது வாய்விட்டுச் சொல்லலாம். தட்டு விழுந்த நொடியில் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இருவரும் கைகொடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள்.

இந்தச் சின்ன ஏற்பாட்டின் மேல்தான் கலை முழுவதும் நிற்கிறது. பின்னாலிருந்து கழுத்தைக் கையால் சுற்றி இறுக்கும் பிடி சரியாக விழுந்தால், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருபுறமும் அழுந்தி, சில நொடிகளிலேயே நினைவு தப்பும். எதிராளியின் கையை இரு தொடைகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்து இடுப்பைத் தூக்கினால் முழங்கை மூட்டு பிசகிவிடும். இவ்வளவு ஆபத்தான வித்தையை ஆட்கள் தினமும் ஒருவர் மேல் ஒருவர் முழு பலத்தோடு பழகிவிட்டு, மறுநாள் காலை சேதாரம் இல்லாமல் வேலைக்குப் போகிறார்கள். தட்டினால் விடுவார் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம்.

பழைய ஜப்பானியச் சண்டை முறைகளைத் தொகுத்து கானோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆளை முடமாக்கும் அடிகளைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு, மற்றவற்றை எதிர்த்து நிற்கும் ஆளோடு முழு வேகத்தில் பழகலாம் என்று அவர் வழிசெய்தார். தானும் பிறரும் சேர்ந்தே உயர வேண்டும் என்பதைத் தன் பள்ளியின் கொள்கைகளில் ஒன்றாக வைத்தார். அந்தப் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து கார்லோஸ் கிரேசியும், கார்லோஸிடமிருந்து ஒல்லியான தம்பி ஹீலியோவும் பெற்ற வித்தைதான் இன்றைய பிரேசிலிய ஜியு-ஜிட்சு. 2018-ல் ஜகார்த்தாவில் அது ஆசிய விளையாட்டிலும் இடம்பிடித்தது.

நம் நாட்டுக்கு இந்த வித்தையின் ஜப்பானிய மூலம், அது பிரேசில் போவதற்கு முன்பே வந்துவிட்டது. 1905-ல் சானோ ஜின்னோசுகேயையும், 1929-ல் தகாகாகி ஷின்சோவையும் ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தவர் ரவீந்திரநாத் தாகூர். பெண்கள் வீதியில் தனியாக நடப்பதே பேச்சுக்கு இடமாக இருந்த காலத்தில் அங்கே மாணவிகளும் பாயில் இறங்கினார்கள். அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அவர்களில் ஒருவர். பாடல், ஓவியத்துக்கு நிகராக இதையும் ஒரு கல்வியாகத் தாகூர் நினைத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

திருப்பூரில் நான் சொல்லித்தரும் மாலை வகுப்பு என்றால் இரவு ஒன்பதுக்குத்தான். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு எழுகிறார். ஓவர்லாக் டைலர், செக்கிங் பெண், பேக்கிங்கில் அட்டைப்பெட்டி தூக்கும் பையன், தமிழ் இன்னும் பிடிபடாத ஒடிசாக்காரத் தம்பி, கல்லூரி மாணவர்கள் எனக் கலந்து வருகிறார்கள். தலைமுடியில் பஞ்சுத் துகளோடு வந்து முகம் கழுவிக்கொண்டு பாயில் ஏறுவார்கள். தட்டுவதற்கு மொழி தேவையில்லை. ஒடிசாத் தம்பி முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டான்.

மற்ற பையன்களுக்குத்தான் அது லேசில் வருவதில்லை. பேக்கிங் பையனை ஒரு நாள் அவனில் பாதி எடையுள்ள மாணவன் ஒருவன் கழுத்துப் பிடியில் மாட்டிவிட்டான். காது மடல் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. வலது கை பாயை நோக்கி இறங்கிப் பாதியிலேயே நின்றது. தட்டவில்லை. "விடு" என்றேன். மாணவன் அதற்குள் தானாகவே விட்டிருந்தான். பேக்கிங் பையன் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க, தலை நிமிராமல் கேட்டான்: "தோத்துட்டனுங்களா மாஸ்டர்?"

"நாளைக்கு வருவியா?"

"வருவனுங்க."

"அப்புறம் எங்க சாமி தோத்த?"

அவன் தயங்கியதில் எனக்கு வியப்பில்லை. தாங்குவதுதான் பெருமை என்று சொல்லி வளர்க்கும் ஊர் இது. இந்த ஊரின் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறவர், தடியடியில் மண்டை பிளந்தும் கொடியைக் கீழே விடாத குமரன். 1932 ஜனவரி 10-ம் தேதி அடிபட்டு மறுநாள் உயிர்விட்டார். அந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன். ஆனால் குமரன் பற்றியிருந்தது தன் கொள்கையை. இன்னொருவன் கழுத்தை அவர் பிடிக்கவில்லை. கொள்கைக்காகத் தன் வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம். பழகுகிற இடத்தில் வீம்புக்காக மூட்டை உடைத்துக்கொள்வது வீண். அடுத்தவனுக்கு வலிக்கும்போது தன் பிடியை இறுக்குவது கொடுமை. மூன்றையும் 'விடாமுயற்சி' என்ற ஒரே பெயரில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

1951 அக்டோபர் 23-ம் தேதி ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசி, ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோவோடு மோதினார். கிமுரா அவர் கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பூட்டினார். எலும்பு முறிந்தது. ஹீலியோ தட்டவில்லை. ஓரத்தில் நின்ற அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை முடித்துவைத்தார். வென்றவர் பெயரே அந்தப் பூட்டுக்கு இன்றும் நிற்கிறது. பையன்கள் இந்தக் கதையில் ஹீலியோவைப் பார்த்து வியக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு என் கண் கார்லோஸ் மேலேயே நிற்கிறது. தட்ட முடியாதவருக்காகத் தட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழகும் காலத்தில் கவனமெல்லாம் தட்டுகிற கையின் மேல் இருக்கும். ஆசிரியராக ஓரத்தில் நிற்கும்போது பார்வை பிடிக்கிற கைக்குத் திரும்பிவிடுகிறது. தட்டுவதைவிட விடுவது கடினம். பிடி விழுந்த நேரத்தில் உடம்பெல்லாம் வெற்றி பாய்கிறது. இன்னும் ஒரு நொடி, இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை கேட்கிறது. அந்த ஒரு நொடியில்தான் மூட்டு போகிறது. அதனால் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: தட்டினானா, கை தவறிப் பட்டதா என்று சந்தேகம் வந்தால் விடு. விட்ட பிறகு யோசி. பிடியை மறுபடி போட்டுக்கொள்ளலாம். போன மூட்டைத் திருப்பித் தர முடியாது.

அனுபவம் ஏற ஏற இது இயல்பாகிறது. கறுப்பு பெல்ட் எட்டப் பத்து ஆண்டுபோல் ஆகும். அந்த ஆண்டுகளில் ஆள் பூட்டுகளை மட்டும் கற்றுக்கொள்வதில்லை, எதிராளியின் மூச்சைப் படிக்கவும் கற்றுக்கொள்கிறார். புதியவன் தட்டுவதற்கு முன்பே, அவன் தோள் இறுகுவதை வைத்தே பிடியைத் தளர்த்துவார். அப்படிப்பட்டவரோடு பழகத்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். தட்டியும் விடாதவன் எத்தனை பலசாலியானாலும் சில வாரங்களில் தனியே நிற்பான். ஜோடிக்கு ஆள் கிடைக்காது. இந்த வித்தையைத் தனியாகக் கற்க முடியாது. இன்னொருவர் தன் உடம்பை நம்பிக் கொடுத்தால்தான் பாடம். அந்த நம்பிக்கையைத் தின்றவன் தன் கல்வியையே தின்றவன்.

ஓவர்லாக் டைலராக இருக்கும் ஒரு பெண் சொன்னது என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. பெண்கள் முதலில் தங்களுக்குள் பழகுவார்கள். தைரியம் வந்தபின் ஆண்களோடும் பழகுவார்கள். அவர் அப்படிப் பழகிய முதல் நாள் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் போதும்னதும் ஒரு ஆம்பள கைய எடுக்கறத இங்கதானுங்ணா பாக்கறேன்." தற்காப்புக்கு என்று வந்தவர் அவர். பூட்டு எதையும் இன்னும் சரியாகப் போடத் தெரியாது. ஆனால் தன் 'போதும்' ஒரு கட்டளையாக நிறைவேறும் இடம் ஒன்று உண்டு என்று தெரிந்துகொண்டார். அது தெரிந்த பிறகு, நிறைவேறாத இடங்களை அவரால் பழையபடி சகித்துக்கொள்ள முடியாது.

அந்த வார்த்தைக்குப் பிறகு ஊரை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வருகிறது. பனியன் கம்பெனியில் யார் தட்டலாம்? பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் இன்று முடியவில்லை என்று எழுந்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். டைலருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பிள்ளை அவரிடம் சொல்ல முடியாது, டைலர் கான்ட்ராக்டரிடம் சொல்ல முடியாது, கான்ட்ராக்டர் முதலாளியிடம் சொல்ல முடியாது. முதலாளியின் கழுத்திலும் ஒரு கை இருக்கிறது. ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு அவர் தலையில் விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியாளர்கள் மூச்சுத்திணறியதை ஊரே பார்த்தது. ஒவ்வொருவரும் மேலே உள்ளவர் பிடியில் இருந்துகொண்டு கீழே உள்ளவரைப் பிடித்திருக்கிறார்கள். என்னை விட்டால்தான் நான் விடுவேன் என்று ஒவ்வொருவரும் சொன்னால், கடைசி ஆளின் தட்டு யார் காதிலும் விழாது.

விழாமல் போனால் என்ன ஆகும் என்பதை நொய்யல் காட்டியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் ஆற்றில் சாயக்கழிவு இறங்கியது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமானது. கிணறு உப்பானது. தென்னை கருகியது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். ஆண்டுக்கணக்காக அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டு, 2006-ல் உயர் நீதிமன்றமும் 2009-ல் உச்ச நீதிமன்றமும் கழிவை நிறுத்தச் சொல்லியும் பிடி தளரவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் கை விலகியது. ஊர் செத்துவிடும் என்றார்கள். வலி இருந்தது, அந்த மாதங்களில் வேலை இழந்த குடும்பங்களின் வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் சாகவில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, மீட்ட தண்ணீரை மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொண்டு எழுந்தது. விட்ட கை வெறுங்கையாகிவிடவில்லை, புது வேலை பழகிக்கொண்டது.

பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு பாடம் நடந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் வெகுநாளாகத் தொல்லைபட்டு வந்ததாக உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஓர் உயிர் போன பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வாங்கியது. அதன்படி தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று உடன் வேலை செய்கிறவர்களின் புகாரைக் கேட்கலாம் என்று ஆனது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் ஆனது. சரக்கை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. ஓரத்தில் நின்று துண்டை வீச ஒருவரை அந்த ஒப்பந்தம் ஏற்பாடு செய்தது. ஓர் ஆலை வளாகத்தில் முடிந்தது ஒவ்வொரு கம்பெனியிலும் முடியும்.

எங்கள் வகுப்பில் நாளாக நாளாக யாரும் தட்ட வெட்கப்படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. மூத்தவர்கள் எல்லோர் கண் முன்னாலும் தட்டுகிறார்கள். புதியவனிடம் மாட்டினால் அவனிடமும் தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், கைகொடுக்கிறார்கள். அதைப் பார்த்த பேக்கிங் பையன் இப்போது நேரத்துக்குத் தட்டுகிறான். புதிதாக வருகிறவர்களிடம் மெதுவாகப் பிடிக்கவும் பழகிவிட்டான். மேலே இருப்பவர் தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் கீழே இருப்பவர் வாய் திறப்பார். 'என்னால் முடியவில்லை' என்று மேனேஜர் ஒரு முறை சொல்லியிருக்கும் பிரிவில், பிழை சரக்கோடு சேர்ந்து பெட்டிக்குள் போகாது, முன்கூட்டியே வெளியே வரும். அப்பா ஒப்புக்கொண்டு பழகிய வீட்டில் பிள்ளை பரீட்சைத் தோல்வியை மறைத்து விபரீதம் தேடாது.

பலம் எல்லோருக்கும் ஏதோ ஓர் இடத்தில் உண்டு. டைலர் கைமடி மேல், கணவன் மனைவி மேல், ஆசிரியர் மாணவன் மேல், ஊர் ஆற்றின் மேல். எவ்வளவு இறுக்க முடியும் என்பது அதன் அளவுகோல் ஆகாது, அது எடையையும் பணத்தையும் பொறுத்தது. நம்மைவிட எளியவர் 'போதும்' என்றதும் எவ்வளவு விரைவில் நம் கை நிற்கிறது என்பதே அளவுகோல். அவர் சத்தமாகச் சொல்லும்வரை காத்திருக்காமல், மூச்சு மாறும்போதே நிற்குமானால் அதுதான் தேர்ச்சி. பிடிக்கக் கற்றவர்கள் உலகில் ஏராளம். பிடித்தபின் விடத் தெரிந்தவர்களை நம்பித்தான் மற்றவர்கள் அவர்களிடம் வேலைக்கும் படிப்புக்கும் வாழ்க்கைக்கும் வருகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்காத பலம் எவ்வளவு பெரிதானாலும் வெறும் பாரம்.