640 வெள்ளிக்கு ஓர் இருக்கை

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். விமானத்துக்குச் சாதாரண டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறீர்கள். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. இன்னும் 640 வெள்ளி கட்டினால் முன்னால் இருக்கும் அகலமான இருக்கை உங்களுக்கு. கட்டுவீர்களா?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "கையில காசு இருந்தா ஏன் அண்ணே கூடாது?" என்றான் ஒருவன். "நாலு மணி நேரத்துக்கு 640 வெள்ளியா? பைத்தியமா?" என்றாள் இன்னொருத்தி. கடைசி வரிசைப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம எளிமையாத்தானே இருக்கணும்? நீங்கதான போன வாரம் சொன்னீங்க?" என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்த மூன்று பதிலையும் ஒரே பயணத்தில் நானே சொல்லிப் பார்த்தவன். மூன்றிலும் தடுமாறியவன்.

போன வருடம் அம்மாவை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு 62 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். மதுரை மீனாட்சியைக் கண்ணால் பார்க்கணும் என்பது ரொம்ப நாள் ஆசை. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ரஜூலா கப்பலில் இங்கே வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டு ஓடியது. காசுள்ளவர்களுக்குக் கேபின் இருந்தது. நம் ஆட்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்த இடம்தான் படுக்கை. அதனால் எங்கள் வீட்டில் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்றால் அது வேறு யாருக்கோ உள்ள இடம். விமானத்தில் அதற்குப் பெயர் பிசினஸ் கிளாஸ் என்று நான் சொன்னாலும் அம்மாவுக்கு அது ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.

மின்னஞ்சல் வந்தபோது ஐந்து விநாடியில் அழித்துவிட்டேன். கணக்கு எளிது. இரண்டு பேருக்கு 1,280 வெள்ளி. நம் நாட்டில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒருவருடைய மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கை நான்கு மணி நேரத்தில் செலவழிப்பதா? முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் விமானம் ஒரே நேரத்தில்தான் தரையிறங்கப் போகிறது. எளிமையைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான். அன்று இரவு என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விமானத்தில் அம்மாவுக்கு நடு இருக்கை. இரண்டு மணி நேரம் ஆனதும் கை முட்டியைத் தேய்க்க ஆரம்பித்தது. முன்னால் இருந்தவர் இருக்கையைச் சாய்த்துவிட்டார். அது அவர் உரிமை, அவரைக் குறை சொல்ல முடியாது. "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்லப்பா, சும்மா" என்றார். எங்கள் அம்மாக்கள் 'சும்மா' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சென்னையில் இறங்கும்போது பாதம் வீங்கி செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நீளமான நடைபாதையில் மெதுவாக நடந்து வந்தார். நடைப்பக்க இருக்கையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எதையும் நான் யோசிக்கவில்லை. என் யோசனை எல்லாம் என் எளிமையைப் பற்றித்தான்.

கொள்கை என்னுடையது. முட்டி அம்மாவுடையது.

கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தவத்தைக்கூட மூன்று வகையாகப் பிரிக்கிறார். பலனை எதிர்பாராமல் நம்பிக்கையோடு செய்வது சாத்விகம். பிறர் மதிக்க வேண்டும் என்று பகட்டுக்காகச் செய்வது ராஜசம். மூடப் பிடிவாதத்தால் தன்னை வருத்தியோ, பிறருக்குக் கேடு நினைத்தோ செய்வது தாமசம். இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன்! என் எளிமை எந்த வகை என்று அந்த நடைபாதையில்தான் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டேன். சாத்விகம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதோடு முடிந்திருந்தால் பாடம் சுலபம். "வயசானவங்களுக்குச் செலவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்து மதுரை இருந்தது.

மீனாட்சி அம்மன் கோயிலில் பொது வரிசையும் உண்டு, கட்டண தரிசன வரிசையும் உண்டு. விமானத்தில் செய்த தப்பைச் சரிசெய்ய நினைத்து, கட்டணச் சீட்டு வாங்க ஓடினேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"எதுக்குய்யா?"

"உங்க முட்டிக்குத்தான்மா. சீக்கிரம் போயிடலாம்."

"அதோ அந்தப் பாட்டிக்கு முட்டி இல்லையா? அவங்கள நிக்க வெச்சிட்டு நான் காசு குடுத்து முந்திப் போயி, அம்மாகிட்ட என்னன்னு வேண்டறது?"

பொது வரிசையில் நின்றோம். அரை மணி நேரத்தில் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பெண்மணி பார்த்துவிட்டு, "நீங்க அந்தத் திண்டுல உக்காருங்கம்மா, வரிசை நகர்ந்ததும் கூப்பிடறேன்" என்றார். அதே திண்டில் அந்தப் பாட்டியும் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசிய பேச்சில் எங்கள் தோட்டத்துக் கதை பாதி மதுரைக்குத் தெரிந்துவிட்டது. சந்நிதியில் அம்மா நின்றது சில விநாடிதான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

கட்டண தரிசனத்தில் போகிறவர்களை நான் தப்பு சொல்லவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உண்டு, மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் உண்டு. அந்தப் பணமும் கோயிலுக்குத்தான் போகிறது. ஆனால் அம்மா தொட்ட வித்தியாசம் எனக்கு அன்றுவரை தோன்றாதது. விமானத்தில் நான் அகலமான இருக்கை வாங்கினால் பின்னால் இருப்பவர் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகப் போய்ச் சேர்வதில்லை. வரிசையில் நான் காசு கொடுத்து முன்னால் போனால், அங்கே ஏற்கெனவே நிற்கும் ஒருவர் அந்த அளவுக்குப் பின்னால் போகிறார். ஒன்றில் நான் வாங்குவது கால் நீட்ட இடம். இன்னொன்றில் நான் வாங்குவது இன்னொருவருடைய நேரம். ரசீது இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மறுநாள் மதுரை காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனோம். சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அம்மா அதன் முன்னால் கும்பிட்டபடி நின்றார். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு நின்றேன்.

1893-இல் தென்னாப்பிரிக்காவில், கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து தள்ளப்பட்டவர் காந்தி. சாமான் பெட்டிக்குப் போ என்றபோது அவர் போக மறுத்தார். அதே மனிதர் 1915-இல் இந்தியா திரும்பிய பிறகு மூன்றாம் வகுப்பில் ஊர் ஊராகப் போனார். 1921-இல் இதே மதுரையில்தான் சட்டையைக் கழற்றிவிட்டு அரையாடைக்கு மாறினார். அப்படியென்றால் எது சரி, முதல் வகுப்பா, மூன்றாம் வகுப்பா? முதலில் அவர் விடாமல் பிடித்தது இருக்கையின் மெத்தையை அல்ல, மனிதன் என்ற மரியாதையை. பிறகு அவர் விட்டது வசதியை, மரியாதையை அல்ல. அதோடு, விட்டது அவருடைய சொந்த வசதி. இந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் குத்தியது. நான் விட்டது யாருடைய வசதியை?

திரும்பி வரும் பயணத்துக்கும் அதே மின்னஞ்சல் வந்தது. அதே 640 வெள்ளி. இந்த முறை அம்மாவுக்கு மட்டும் கட்டினேன். இரண்டு பேருக்குக் கட்ட என்னால் முடியவில்லை.

"எவ்வளவுய்யா?" என்று கேட்டார்.

"150 வெள்ளிதான்மா. ஆஃபர்."

நம்மில் எத்தனை பேர் இந்தப் பொய்யைச் சொல்லியிருப்போம்! புடவை வாங்கினால் பாதி விலை, கைப்பேசி வாங்கினால் 'கம்பெனியில சும்மா குடுத்தாங்க'. அன்பினால் சொல்கிற பொய் என்று நமக்கு நாமே சமாதானம்.

நான் பின்னால், அம்மா முன்னால், நடுவில் ஒரு திரை. பாதி வழியில் திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். கையில் டிஷ்யூ தாளில் சுற்றிய ரொட்டியும் ஒரு சாக்லெட்டும். "சாப்பிடு" என்று கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கை காலியா என்று எட்டிப் பார்த்தார். காலியில்லை. திரும்பிப் போய்விட்டார். கோலாலம்பூரில் இறங்கியபோது செருப்பு காலில் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். "காலு சுகமா இருந்துச்சுப்பா. பேசத்தான் ஆளில்ல" என்றார்.

பத்து நாளில் உண்மை விலை தெரிந்துவிட்டது. தங்கைதான் உளறினாள். அம்மா திட்டவில்லை. இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் பசியாறும்போது சொன்னார்: "போகும்போதும் நீயே முடிவு பண்ண. வரும்போதும் நீயே முடிவு பண்ண. என்கிட்ட ஒரு தடவ உண்மைய சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"

நண்பர்களே, நான் 640 வெள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா ஒரே வார்த்தையில் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சிக்கனமும் என் முடிவு, தாராளமும் என் முடிவு. இரண்டிலும் அம்மா வெறும் சாமான் மாதிரி, எங்கே வைப்பது என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

ஆகவே வகுப்பில் கேட்ட கேள்விக்கு 'சரி', 'தப்பு' என்று ஒரு பதில் என்னிடம் இல்லை. பொருள் சேர்ப்பதை நம் சமயம் பாவம் என்று சொல்லவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், யாருக்கும் பயன்படாத பணத்தைப் பற்றி 'நன்றியில் செல்வம்' என்று இன்னோர் அதிகாரமும் எழுதினார். கேட்க வேண்டியது காசு இருக்கிறதா என்பதை மட்டுமல்ல. எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகளைச் சொல்கிறேன்.

முதலாவது: நான் வாங்குவது உடம்புக்கா, ஊர்க் கண்ணுக்கா? படம் எடுத்துப் போட முடியாது என்று தெரிந்தாலும் இந்த இருக்கையை வாங்குவேனா? 'இல்லை' என்று மனம் சொன்னால், அந்த 640 வெள்ளி இருக்கைக்குப் போகவில்லை, லைக்குக்குப் போகிறது.

இரண்டாவது: என் வசதிக்காக யாராவது பின்னால் தள்ளப்படுகிறார்களா? யாரும் இல்லையென்றால் மனசாட்சிக்குப் பாரம் குறைவு. யாராவது இருந்தால், அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மூன்றாவது: இது யாருடைய வலி, யாருடைய பணம்? அவரிடம் உண்மையான விலையைச் சொல்லிக் கேட்டேனா? நம் பெற்றோருக்காக நாம் சிக்கனமாக இருப்பதும் தாராளமாக இருப்பதும் இரண்டாம் பட்சம். கேட்பதுதான் முதல் மரியாதை.

நீங்கள் 25 வயதில், சுகமான முட்டியோடு, சொந்தச் சம்பளத்தில் போகிறீர்கள் என்றால் பின்னாலேயே உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு மணி நேரம் ஒன்றும் செய்யாது. ஒரு தடவை அனுபவித்துப் பார்க்க ஆசை என்றாலும் பாவமில்லை. போய்ப் பாருங்கள். இறங்கும்போது, பின்னால் இருந்து வருகிறவர்களை ஏறும்போது பார்த்த அதே கண்ணோடு பார்க்க முடிகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அடுத்த வருடம் திருச்செந்தூர் போகலாம் என்று பேசியிருக்கிறோம். இந்த முறை விலையை முழுசாகச் சொல்லிவிட்டேன். அம்மா பழைய மைலோ டின் ஒன்றில் மாசம் 50 வெள்ளி போட்டு வருகிறார். "இது சீட்டுக்கா, அங்க அன்னதானத்துக்காம்மா?" என்று கேட்டேன்.

"போகும்போது காலு என்ன சொல்லுதுன்னு பாத்துக்கலாம்" என்றார்.