செந்தூர்ல போய் செட்டில் ஆகலாமா?



போன மாசத்துல மட்டும் நம்ம ஆளுங்க மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "ப்ரோ, அப்பா ரிட்டயர் ஆகப் போறார். திருச்செந்தூர்ல வீடு வாங்கி அங்கேயே இருந்துடணும்னு பிடிவாதமா இருக்கார். சரின்னு சொல்லலாமா?" எங்க வீட்லயும் இப்ப இதே பேச்சுதான். பெங்களூருல 30 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர் எங்க அப்பா. மார்கழி வந்தா குளிர்ல முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவார். அவருக்கு வெயில் வேணும், கடல் வேணும், காலைல எழுந்தா செந்திலாண்டவன் வேணும். அம்மாவுக்கு இது எதுவுமே உறுதியா இல்ல.

இதுல முருகன் என்ன சொல்வான்னு யோசிச்சேன். அவன் அந்தக் கடற்கரைக்கு எதுக்கு வந்தான்னு பார்த்தாலே நிறைய புரியுது.

நாம சர்வ சாதாரணமா 'ஆறுபடை வீடு'ன்னு சொல்றோம். படைவீடுன்னா படை தங்கற இடம், பாசறை. மலைக்குத் தலைவனான குறிஞ்சிக் கிழவன் மலையை விட்டு இறங்கி கடற்கரையில நிக்கற ஒரே படைவீடு செந்தூர்தான். காத்து வாங்க அவன் அங்க வரல. சூரனோட மகேந்திரபுரி கடலுக்கு நடுவுல இருந்ததா கந்தபுராணம் சொல்லுது. அதனால கரையில பாசறை போட்டான். வீரபாகுவைத் தூது அனுப்பினது அங்கிருந்துதான். சூரசம்ஹாரம் வருஷா வருஷம் அந்த மணல்லதான் நடக்குது.

"அப்போ அது ஓய்வெடுக்கற இடமே இல்லையா?"ன்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு. போர் முடிஞ்சதும் அவன் என்ன செஞ்சான்? மூலவரை நல்லா கவனிச்சுப் பாருங்க. கிழக்கே கடலைப் பார்த்து நிக்கறார். ஒரு கையில ஜபமாலை, ஒரு கையில பூ. சிவபூஜை பண்ற கோலம். கருவறைக்குப் பின்னாடி பஞ்சலிங்கம் இருக்கு, உள்ள போய் தரிசனம் பண்ணினவங்களுக்குத் தெரியும். அத்தனை பெரிய வேலையை முடிச்சவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காரல, பூவை எடுத்துட்டான். அடுத்து திருப்பரங்குன்றத்துல தெய்வானை கல்யாணம், தணிகையில கோபம் தணிஞ்சதுன்னு கதை நகர்ந்துக்கிட்டே போகுது. ஆனா செந்தூர்ல அவன் நமக்குக் காட்டறது வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற அந்த நிமிஷத்தை.

அதனால "எந்த ஊர்ல இருக்கப் போறீங்க"ங்கறதை விட "கையில எந்தப் பூவை எடுக்கப் போறீங்க"ங்கறதைத்தான் ரிட்டயர் ஆகற அப்பாகிட்ட நாம கேக்கணும். எங்க அப்பாகிட்ட கேட்டேன். "காலைல விஸ்வரூப தரிசனம், சாயங்காலம் கடற்கரை"ன்னார். "நடுவுல பன்னெண்டு மணி நேரம் இருக்கேப்பா?"ன்னேன். பதில் வரல. ரெண்டு நாள் கழிச்சு அவரே வந்து, "பாத யாத்திரை வர்றவங்களுக்கு மோர் கொடுக்கறாங்கல்ல, அதுல சேர்ந்துக்கறேன். பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரேன்"னார். எனக்கு அந்த பதில் போதும்.

சில பேர், "முருகனை நம்பிப் போறோம், ஆஸ்பத்திரி இருக்கா, தண்ணி இருக்கான்னு பாக்கறது நம்பிக்கைக் குறைவு"ன்னு சொல்வாங்க. எனக்கு இதுல உடன்பாடு கிடையாது. நாழிக்கிணறு எதுக்கு வந்துச்சு? படை வீரர்களோட தாகம் தீர வேலால உண்டாக்கினான்னுதான் தலபுராணம். உப்புக் கடலுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ஊத்து, தண்ணி நல்ல தண்ணி. கூட வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணி இருக்கான்னு தேவசேனாபதியே பார்த்திருக்கான். நாம அம்மாவுக்காகப் பார்த்தா அது எப்படித் தப்பாகும்?

அதனால பார்த்தோம். அப்பாவுக்கு ஏற்கனவே ஸ்டென்ட் வச்சிருக்கு. திருச்செந்தூர்ல அவசரத்துக்குப் பார்த்துக்கலாம், ஆனா பெரிய சிகிச்சைன்னா தூத்துக்குடிக்கு சுமார் 40 கிலோமீட்டர், நெல்லைக்கு 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னபின்ன போகணும். நெஞ்சு வலி வந்தா அந்த தூரம் ரொம்ப நீளம். பெங்களூருல இருந்து நான் ஓடி வரணும்னா மைசூரு-தூத்துக்குடி ரயில்ல ஒரு ராத்திரி ஆகும். கடலை ஒட்டி மனை பார்க்கறவங்களுக்கு ஒண்ணு: அலை ஏறி வர்ற உச்சக் கோட்டிலேர்ந்து 500 மீட்டர் வரைக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் வரும். புரோக்கர் இதைத் தானா சொல்ல மாட்டார். உப்புக் காத்துல கேட், ஜன்னல் கம்பி, ஏசியோட வெளிப் பெட்டி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழான்னா ஊரே நிரம்பி வழியும். வெளியூர்லேர்ந்து வர்ற நமக்கு அது ஆனந்தம், அங்கேயே குடியிருந்து பால் வாங்கப் போறவங்களுக்கு வேற மாதிரி.

அப்புறம் அந்த 'எப்பவும் வெயில்'ங்கற நினைப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? பக்கத்துல இருக்கற காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டுச்சு. திருச்செந்தூர்லேர்ந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போய், நூத்துக்கணக்கான பேர் வெள்ளத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. பயமுறுத்தறதுக்கு சொல்லல. சுற்றுலாப் படத்துல ஒரு கடல் தெரியும், ஐப்பசி கார்த்திகையில வேற கடல் தெரியும். ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணணும்.

ஸ்ரீவைகுண்டம்னதும் குமரகுருபரர் ஞாபகம் வருது. அந்த ஊர்ல பிறந்த பிள்ளை, அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரல. பெத்தவங்க செந்தூருக்குத் தூக்கிக்கிட்டு வந்து கிடந்தாங்க. பேச்சு வந்துச்சு, கந்தர் கலிவெண்பா பிறந்துச்சு. அப்பேர்ப்பட்ட அருள் கிடைச்ச இடத்துலயே அவர் தங்கினாரா? மதுரை போனார், தருமபுரம் போனார், கடைசியில காசியில மடம் வச்சு அங்கேயே இருந்தார். செந்தூரான் எல்லாரையும் தன் வாசல்லயே உக்கார வைக்கறதில்ல. சில பேருக்குப் பேச்சைக் கொடுத்து, "போய்ட்டு வா"ன்னு அனுப்பிடறான். அதனால போக முடியாத அப்பாக்கள் ஏதோ அருள் குறைஞ்சவங்கன்னு யாரும் வருத்தப்படாதீங்க.

இப்ப நம்ம தலைமுறைக்கு ஒரு வார்த்தை. "நாப்பது வயசுல வேலையை விட்டுட்டு பீச் பக்கம் போய்டணும்"னு நம்ம ஆபீஸ் கேன்டீன்ல தினம் கேக்கறோம். நானும் எக்ஸெல்ல ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கேன், மறைக்கல 😀 ஆனா அதுல பாதி கடல் ஆசை, மீதி மேனேஜர் மேல இருக்கற கடுப்பு. கடுப்புல போனா கடுப்பும் கூடவே வண்டி ஏறி வரும். சூரன் கடல்ல மாமரமா நின்னும் தப்ப முடியலையே!

கடைசியா அம்மா. இந்த முடிவுல பாதி அவங்களோடது, ஆனா யாரும் அவங்களைக் கேக்கல. நான் கேட்டப்போ, "உங்கப்பாவுக்கு அங்க முருகன் இருக்கான். எனக்கு இங்க பக்கத்து வீட்டு அக்கா இருக்கா, கீரைக்காரம்மா இருக்கா, செவ்வாய்க்கிழமை திருப்புகழ் கோஷ்டி இருக்கு. இவங்கள்ல முருகன் இல்லையா?"ன்னாங்க. அப்பாவும் கேட்டுக்கிட்டுதான் இருந்தார். ஒண்ணும் பேசல.

இப்போதைக்கு இவ்வளவுதான் முடிவாகியிருக்கு: வீடு வாங்கல. ஐப்பசியில போய் வாடகைக்கு எடுத்து, சஷ்டிக் கூட்டத்தையும் மழையையும் பார்த்து, சித்திரை வெயில் வரைக்கும் இருந்து பாக்கறாங்க. பெங்களூரு வீட்டை விக்கக் கூடாது, அது அம்மாவோட முதல் நிபந்தனை. ரெண்டாவது, அங்க போன முதல் வாரமே தனக்கு ஒரு திருப்புகழ் கோஷ்டியை அப்பா தேடிக் கண்டுபிடிக்கணும். அப்பா போன்ல விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். சன்னதித் தெரு பக்கம் குடியிருக்கற அன்பர்கள் யாராவது இதைப் படிச்சா, கோஷ்டி எங்க கூடுதுன்னு ஒரு வரி அனுப்புங்க.

செந்திலாண்டவனுக்கு அரோகரா! 🦚